இடமுறுக்கு

துவாஸ் கப்பல் பட்டறையில்
மணிக்கட்டுத் தடிமனில் கேபிள் இழுக்கிறேன்,
பதினேழு வருடமாக.
கப்பலின் வயிற்றுக்குள் ஊர்ந்துபோய்
கண்ணை மூடிக்கொண்டும் இணைப்புக் கொடுப்பேன்.
ஈசூனில், பதினோராம் மாடியில், என் சொந்த வீட்டில்
சட்டம் எனக்கு விட்டுவைத்திருப்பது
பல்பு மாற்றுவது,
பிளக்கைத் திறந்து ஃபியூஸ் மாற்றுவது.
அதற்கு மேல், உரிமம் உள்ள கை வேண்டும்.

நேற்றிரவு எட்டே முக்கால்.
ஒரே சொடுக்கில் வீடு அணைந்தது.
குளியலறையிலிருந்து நிறைமதி:
"அப்பா, தலை முழுக்க ஷாம்பு!"
எதிர் பிளாக்கில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம்.
ஆக, இருட்டு எங்களுடையது மட்டும்.

கதவோரப் பெட்டியைத் திறந்து கைபேசி வெளிச்சம் அடித்தேன்.
பெரிய சுவிட்ச் தலைகுப்புற விழுந்திருந்தது.
மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லும் தாள்
யாரும் படிக்காமலே மஞ்சளாகியிருந்தது.

இந்த வேலைக்கு எனக்கு அனுமதி உண்டு.
எல்லாவற்றையும் கீழே தள்ளு. பெரியதை ஏற்று.
நிற்கிறதா? நிற்கிறது.
இனி ஒவ்வொன்றாக.
விளக்கு. நின்றது.
குளிர்சாதனம். நின்றது.
சமையலறை.
கோசலா ரைஸ் குக்கரின் பிளக்கை ஏற்கெனவே பிடுங்கி
திருடனைப் பிடித்த தோரணையில் வைத்திருந்தாள்.
அதுவும் நின்றது.
ஹீட்டர்.
டப்.

மறுபடி இருட்டு. மறுபடி "அப்பா!"

ஹீட்டரை மட்டும் கீழே விட்டு
மற்றதை ஏற்றினேன்.
பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டு
பல் தந்தியடிக்க வந்தாள் மகள்.
"நீங்களே பாத்துடலாமே,
கப்பலுக்கே செய்யறீங்க," என்றாள் கோசலா.
ஸ்டூல் கையில் இருந்தது, திருப்புளி வாயில்.
ஏறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.
"சட்டம்னா சட்டம்."
அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

காலையில் ரோஸ்னா வந்தார்.
கழுத்தில் உரிம அட்டை, தோளில் ஏணி.
மின்சாரத்தை நிறுத்திப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு
சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.
சோதிக்கும் கருவியை முதலில் சோதித்தார்.
பிறகு வயரை.
பிறகு மறுபடி கருவியை.
செத்ததையும் சந்தேகப்படும் பெண்.

குளியலறைக் கூரைத் தகடு இறங்கியது.
மேல்வீட்டுக் குழாயின் ஈரம் கசிந்த இடத்தில்
ஒரு இணைப்பு.
பெட்டி இல்லை, கவ்வி இல்லை.
செம்பைச் செம்போடு முறுக்கி
கறுப்பு டேப் சுற்றியிருந்தது, கப்பல் டேப்.
பச்சை பூத்திருந்தது செம்பு.
ஊரில் எல்லாரும் வலப்பக்கம் முறுக்குவார்கள்.
இது இடப்பக்கம்.

"சியாப்பா புவாட் இனி?"
யார் செய்தது என்கிறார்.
"பழைய வீட்டுக்காரர்," என்றேன்.

பழைய வீட்டுக்காரர் இங்கே ஹீட்டரே வைத்திருக்கவில்லை.
ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு.
நிறைமதிக்கு ஒரு வயது, நெஞ்சு முழுக்கச் சளி.
அன்றைக்கே வெந்நீர் வேண்டும்.
உரிமக்காரர் புதன்கிழமை வருகிறேன் என்றார்.
நான் இருக்கும்போது எதற்குப் புதன்கிழமை?
அன்றிரவு வெந்நீர் வந்தது.
கோசலா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரோஸ்னா பழைய துண்டை வெட்டி
தரையில் விரித்த தமிழ்ப் பேப்பரில் போட்டார்.
புது வயர், மூடிபோட்ட பெட்டி, அளவு, மறு அளவு.
கடைசியில் என்னையே அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னார்.
டப். விழுந்தது. ஏற்றினேன்.
ரசீது நீட்டினார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.
அவர் பார்வை
என் இடக்கையில் கொஞ்சம் நின்று
பேப்பரில் கிடந்த துண்டுக்குப் போய்
திரும்பி வந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
மின்தூக்கிக் கதவு மூடும்போது மட்டும்,
"அபாங், உங்க பெரிய சுவிட்ச்
ரொம்ப நல்ல சுவிட்ச்," என்று மலாயில் சொன்னார்.

துண்டைக் கையிலெடுத்து
அவிழ்த்துப் பார்த்தேன்.
அவிழவில்லை. நன்றாகத்தான் முறுக்கியிருக்கிறேன்.

நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும்
முதல் தேதிக் கட்டத்தில்
பொத்தான் என்று எழுதிக்கொண்டு வந்தேன்.
மே மாதம் எழுதும்போது கோசலா எட்டிப் பார்த்தாள்.
"எந்தச் சட்டைக்கு?"